வீட்டுச் சார்ஜரும் 'லோ வோல்ட்டேஜும்' – ஒரு செய்முறைப் பாடம்

மின்சாரத்தில் ஓடும் ஸ்கூட்டர்கள் இன்று நம் தங்கவயல் தெருக்களிலும் சர்வசாதாரணமாகிவிட்டன. இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளுள் சில நமக்கு வெகு தொலைவில் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. பெட்ரோல் செலவு மிச்சம் என்பதால் நம் பிள்ளைகள் கடன் வாங்கியாவது ஒன்றை வாங்கி விடுகிறார்கள். ஆனால் வண்டி வந்த சில நாட்களிலேயே ஒரு புகாரும் கூடவே வருகிறது. "ராத்திரி பூரா போட்டும் சார்ஜ் ஏறலண்ணா!" என்பதே அந்தப் புகார்.

மாரிகுப்பத்தில் வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் இந்தப் புகாரை நான் அடிக்கடி கேட்கிறேன். வண்டியில் கோளாறு, சார்ஜரில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைந்துவிட்டுக் கடைசியில்தான் வீட்டு மின்சாரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பல வீடுகளில் உண்மையான காரணம் குறைந்த மின்னழுத்தம், அதாவது நாம் 'லோ வோல்ட்டேஜ்' என்று சொல்வதுதான். அது எங்கே குறைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, நம் குடும்பங்களில் பலருக்குப் பிழைப்பு பெங்களூர் ரயிலில்தான் இருக்கிறது. விடியற்காலையில் வண்டி ஏறாமல் நின்றால் ரயில் போய்விடும். ரயில் போனால் அன்றைய கூலி போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் மறைந்திருக்கிறது. வோல்ட்டேஜ் குறையும் இடம் நம் வீட்டுக்கு உள்ளேயே இருந்தால், அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே இது வண்டியைப் பற்றிய பாடம் மட்டும் அல்ல. வீட்டின் பாதுகாப்பைப் பற்றிய பாடமும் ஆகும்.

முதலில் நான்கு சொற்கள்

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. வாட் என்பது வேலை செய்யும் திறன். ஓம் என்பது ஓட்டத்துக்கு ஒயரும் இணைப்பும் காட்டும் தடை. மேட்டுத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் வோல்ட். ஓடும் தண்ணீர் ஆம்பியர். குழாயின் ஒடுக்கமும் உள்ளே படிந்த துருவும் ஓம். குழாயை மூடி வைத்திருக்கும்போது கடைசி வீட்டிலும் அழுத்தம் முழுதாக இருக்கும். எல்லோரும் திறந்தவுடன்தான் கடைசி வீட்டில் தண்ணீர் நூலாகச் சொட்டும். மின்சாரத்திலும் அப்படியே.

இரண்டு கணக்குகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வாட் = வோல்ட் × ஆம்பியர்.
வழியில் இழக்கும் வோல்ட் = ஆம்பியர் × ஓம்.

சிவசமுத்திரம் கற்றுத் தரும் பாடம்

இந்த இரண்டாவது கணக்கு நம் ஊருக்குப் புதியதல்ல. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் வந்து நம் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டதே அதற்குப் பிறகு, 1905-இல்தான்! அத்தனை தூரம் மின்சாரம் தேயாமல் வந்தது எப்படி? அதைப் பல பத்தாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். அதே திறனைப் பத்து மடங்கு வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பத்தில் ஒரு பங்காகிவிடும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனோ நூறில் ஒரு பங்காகிவிடும். ஆம்பியர் குறைந்தால் இழப்பு குறையும் என்பதே அதன் சூட்சுமம்.

நம் வீட்டுக்குள் வோல்ட்டை அப்படி உயர்த்த வழியில்லை. 230-தான் நமக்கு விதித்தது. எனவே நம்மால் செய்யக்கூடியவை இரண்டே: ஒயரின் தடையைக் குறைக்கலாம், ஒரே நேரத்தில் ஓடும் ஆம்பியரைக் குறைக்கலாம். இந்தப் பாடத்தின் இறுதியில் சொல்லப்போகும் வைத்தியங்கள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

சார்ஜர் ஏன் நின்றுவிடுகிறது?

பழைய குண்டு பல்பும், தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடும் வோல்ட்டேஜ் குறைந்தால் குறைவான மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு மங்கலாக வேலை செய்யும். ஸ்கூட்டர் சார்ஜரின் குணம் நேர்மாறானது. பேட்டரிக்குக் கொடுக்க வேண்டிய திறனைக் குறைக்காமல் கொடுக்க முயலும் மின்னணுக் கருவி அது. வோல்ட்டேஜ் குறையக் குறைய அது அதிக ஆம்பியரை இழுக்கும். 900 வாட் எடுக்கும் சார்ஜர் 225 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும். 180 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் கூடியதும் வழியில் இழப்பும் கூடும். வோல்ட்டேஜ் இன்னும் சரியும். இந்தச் சரிவு ஓர் எல்லையைத் தாண்டினால் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

நின்றவுடன் என்ன நடக்கும்? ஆம்பியர் பூஜ்யமாகும், வோல்ட்டேஜ் மீண்டும் எழும், 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று சார்ஜர் மறுபடி தொடங்கும், மறுபடி சரியும், மறுபடி நிற்கும். விளக்கு பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறிக் கண் சிமிட்டுவதன் பொருள் பெரும்பாலும் இதுதான். சில சார்ஜர்கள் பல முறை முயன்று பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகும் வரை பூட்டிக்கொண்டுவிடும். நாம் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருப்போம். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி நேற்றிருந்த இடத்திலேயே இருக்கும்.

கார் சார்ஜர் சற்று வேறு விதம். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் சொருகும் கார் சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட் வரை எடுக்கும். அதாவது 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல். அதன் பெட்டி ஆம்பியருக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பதால், வோல்ட்டேஜ் குறையும்போது சார்ஜ் ஏறும் நேரம் நீளும். எல்லையைத் தாண்டினால் அதுவும் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் லோ வோல்ட்டேஜ் வந்தால் குண்டு பல்பு செம்மஞ்சளாக மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று வீட்டில் இருப்பவை எல்.இ.டி. பல்புகள். அவற்றில் பல, வோல்ட்டேஜ் 230-இலும் 170-இலும் ஒரே மாதிரிப் பளிச்சென்று எரியும். 'லைட் நன்றாகத்தானே எரிகிறது, கரண்டில் என்ன குறை?' என்று கேட்பது இதனால்தான். மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதும், பிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்க முடியாமல் தவிப்பதும் இன்றும் நம்பத்தக்க அடையாளங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம். மின்சாரம் இருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். 150 வோல்ட்டிலும் சிரிக்கும், 230 வோல்ட்டிலும் சிரிக்கும். பிளக்கில் நேராகச் சொருகி எண்ணைக் காட்டும் டிஜிட்டல் வோல்ட் மீட்டர் எலக்ட்ரிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஒன்றை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிச் சொருகி, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று, பேனா ஒன்று. அவ்வளவே.

பெட்டியைத் திறப்பது, ஒயரைத் தொடுவது, ஸ்க்ரூவை முடுக்குவது எல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. கீழே சொல்லும் ஐந்து சோதனைகளும் பிளக்கில் சொருகிப் பார்ப்பவை மட்டுமே. பெரியவர்கள் யாரும் செய்யலாம்.

ஐந்து சோதனைகள்

சோதனை 1: சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 'இன்புட்' என்ற வரியில் எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை அது வேலை செய்யும் என்று அச்சிட்டிருக்கும். கீழ் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குச் சிமிட்டலின் பொருளைக் கையேட்டில் பாருங்கள். பேட்டரிச் சூடு, எர்த் இல்லாமை போன்ற வேறு காரணங்களுக்கும் சார்ஜர் நிற்கும் என்பதால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

சோதனை 2: சார்ஜர் ஓடாதபோது, அதன் பிளக் பாயிண்டில் வோல்ட்டேஜைப் பாருங்கள். காலை, பகல், மாலை 7 மணி, இரவு 9 மணி, நள்ளிரவு என்று இரண்டு மூன்று நாட்கள் எழுதுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு மின்சாரத்துக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அளவுகோலாக வைத்தன. அதை 230 வோல்ட்டுக்குப் பொருத்தினால் 216 முதல் 244 வரை வரும். சும்மா இருக்கும்போதே 216-க்குக் கீழே இருந்தால், குறை வெளியிலிருந்து வரவும் வாய்ப்பிருக்கிறது.

சோதனை 3: இதுதான் முக்கியமானது. சார்ஜரை ஓடவிட்டு அதே போர்டில் இன்னொரு பாயிண்டில் மீட்டரைச் சொருகிப் பாருங்கள். சுமை இல்லாதபோது பார்க்கும் வோல்ட்டேஜ் பாதி உண்மை; சுமையோடு பார்ப்பதே முழு உண்மை. குழாயைத் திறந்தால்தானே அடைப்புத் தெரியும்?

சோதனை 4: மீட்டர் போர்டுக்கு அருகில் உள்ள பாயிண்டில் ஒரு மீட்டரையும், சார்ஜர் பாயிண்டில் ஒரு மீட்டரையும் சொருகுங்கள். சார்ஜரை ஓடவிடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு சரிந்தால் குறை வீட்டுக்கு வெளியே. கம்பத்தில், சர்வீஸ் ஒயரில் அல்லது மீட்டர் அருகில். மீட்டர் போர்டு அருகே சரியாமல், சார்ஜர் பாயிண்டில் மட்டும் சரிந்தால் குறை வீட்டுக்குள்ளே.

சோதனை 5: பதினைந்து நிமிடம் சார்ஜ் ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, பழுப்பு நிறம், கருகிய வாசனை இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயிண்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள். வேறு சோதனை தேவையில்லை.

ஒரு வீட்டில் கண்டது

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளுள் ஒன்று. தம்பி ஒருவர் மாலை 7 மணிக்கு ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுவார், காலையில் ஏறியிருக்காது. சார்ஜர் 900 வாட். லேபிளில் கீழ் எல்லை 190 வோல்ட்.

மாலையில் சுமை இல்லாமல் மீட்டர் போர்டில் 206, சார்ஜர் பாயிண்டிலும் 206. சார்ஜரைப் போட்டதும் மீட்டர் போர்டில் 205, சார்ஜர் பாயிண்டில் 187. சார்ஜர் நின்றது. மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. நள்ளிரவில் பார்த்தால் சுமை இல்லாமல் 221, சுமையோடு 203. அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினால் ஒழுங்காக ஏறியது. ஆனால் விடியற்காலையில் அம்மா அதே ஒயரில் 1000 வாட் ஹீட்டர் ராடைப் போட்டதும் 188-க்கு இறங்கி மீண்டும் நின்றது.

கணக்கைப் பாருங்கள். 900 வாட்டை 187 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 4.8 ஆம்பியர். மீட்டர் போர்டுக்கும் சார்ஜருக்கும் நடுவில் காணாமல் போனது 18 வோல்ட். 18-ஐ 4.8 ஆல் வகுத்தால் 3.75 ஓம். பன்னிரண்டு மீட்டர் ஒயரில் இவ்வளவு தடை இருக்கவே கூடாது. 18 வோல்ட்டை 4.8 ஆம்பியரால் பெருக்கினால் 86 வாட். 60 வாட் குண்டு பல்பைவிட அதிகமான சூடு எங்கேயோ ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லியது.

மெயினை அணைத்துவிட்டு ஒயர் போகும் வழியைத் தடவிக்கொண்டு போனேன். கூரை ஓரத்தில், பழைய அலுமினிய ஒயரையும் புதிய செம்பு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி, சுற்றியிருந்த மரச்சட்டம் கரிந்திருந்தது. அலுமினியத்தின் மேல் விரைவில் ஓர் ஆக்சைடு படலம் படியும்; அது மின்சாரத்தைத் தடுக்கும். செம்பும் அலுமினியமும் நேரடியாகச் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பும் உண்டாகும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் முறுக்கும் தளர்ந்துவிடும். பல்பும் விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் அந்த முறுக்கு தாங்கியது. மணிக்கணக்கில் விடாமல் 4, 5 ஆம்பியர் இழுக்கும் சார்ஜரை அது தாங்கவில்லை.

மீட்டர் போர்டிலிருந்து சார்ஜருக்கு மட்டும் தனியாக இடைமுறுக்கு இல்லாத செம்பு ஒயர் இழுத்தோம். மீட்டர் போர்டில் 205 இருந்தபோது சார்ஜர் பாயிண்டில் 204 இருந்தது. உள்குறை தீர்ந்தது.

வெளிக்குறை மிச்சம் இருந்தது. மாலையில் சுமையே இல்லாமல் 206 என்பது அளவுகோலுக்குக் கீழே. சார்ஜர் ஓடும்போது மீட்டர் போர்டில் ஒரு வோல்ட் மட்டுமே குறைந்தது என்பதால், அந்த வீட்டின் சுமை அதற்குக் காரணம் அல்ல. வரிசை முழுவதன் சுமையும் சேர்ந்து செய்யும் சரிவு அது. பக்கத்து வீடுகளிலும் அதே எண். நான்கு நாள் குறிப்புகளோடு வரிசைக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். மின் ஊழியர்கள் வந்து கம்பத்தில் தளர்ந்திருந்த ஓர் இணைப்பைப் புதிதாகக் கட்டினார்கள். மாலை வோல்ட்டேஜ் 217 ஆயிற்று. ஒரே வீட்டில் உள்குறையும் வெளிக்குறையும் சேர்ந்து இருக்கலாம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன்.

ஒயரின் பருமன்

செம்பு ஒயரின் தடையை இப்படிக் கணக்கிடலாம்: நீளத்தை மீட்டரில் எடுத்து 0.018-ஆல் பெருக்கி, ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பால் (சதுர மில்லிமீட்டர்) வகுக்க வேண்டும். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே நீளத்தை இரட்டிப்பாக எடுக்க வேண்டும்.

மீட்டர் போர்டிலிருந்து 25 மீட்டரில் கார் நிற்கிறது, 15 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 50 மீட்டர்.

1 சதுர மி.மீ. ஒயர்: 0.9 ஓம்; இழப்பு 13.5 வோல்ட்.
2.5 சதுர மி.மீ. ஒயர்: 0.36 ஓம், இழப்பு 5.4 வோல்ட்.
4 சதுர மி.மீ. ஒயர்: 0.225 ஓம்; இழப்பு ஏறக்குறைய 3.4 வோல்ட்.

மெல்லிய ஒயரில் 13.5 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 200 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாகிறது. ஒயர்க் காசை மிச்சப்படுத்துவதாக நினைத்து மாதாமாதம் கரண்டு பில்லில் அந்தக் காசைக் கட்டிக்கொண்டிருப்போம். வீட்டுச் சார்ஜருக்குத் தனி ஒயர் இழுப்பவர்கள் 4 சதுர மி.மீ. செம்பு ஒயரே போடச் சொல்லுங்கள்.

நியூட்ரல் என்னும் மறைந்த எதிரி

பலரும் ஃபேஸ் ஒயரை மட்டுமே கவனிப்பார்கள். போன மின்சாரம் திரும்பி வரும் வழி நியூட்ரல். அது தளர்ந்தாலும் அதே சரிவுதான். சுமையோடு இருக்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். எர்த் நன்றாக இருக்கும் வீட்டில் அங்கே ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் கவலையில்லை. சார்ஜர் ஓடும்போது இருபது, முப்பது என்று ஏறினால் இழப்பு நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறது.

தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்துவிட்டால் நிலைமை மிக மோசமாகும். சில வீடுகளில் வோல்ட்டேஜ் பாதாளத்துக்குப் போகும். சில வீடுகளில் 300-ஐத் தாண்டி 400-ஐ நெருங்கும். டி.வி., பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். உங்கள் வீட்டில் விசிறி சோர்ந்து சுற்ற, எதிர்வீட்டில் பேயாகச் சுற்றினால் யோசிக்க வேண்டாம். மெயினை அணையுங்கள், அக்கம்பக்கத்தாரையும் அணைக்கச் சொல்லுங்கள், பிறகு புகார் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

1. எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தாதீர்கள். 'எர்த்தில் கொடுத்தால் வோல்ட்டேஜ் ஏறும்' என்று சிலர் செய்து தருகிறார்கள். அப்படிச் செய்தால் எர்த் கம்பியில் மின்சாரம் ஓடும். வண்டியின் இரும்பு உடல், குழாய், பிரிட்ஜ் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். உயிரோடு விளையாடும் காரியம் இது.

2. எர்த் பின்னை வெட்டாதீர்கள். எர்த் இல்லை என்று சார்ஜர் நின்றால், எர்த்தைச் சரிசெய்ய வேண்டுமே தவிர சார்ஜரை ஏமாற்றக் கூடாது.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடாதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கை 5 ஆம்பியர் பாயிண்டுக்கு மாற்றும் 'கன்வர்ட்டர்' வேண்டவே வேண்டாம்.

4. காரணம் தெரியாமல் ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். அது வோல்ட்டைச் சும்மா உண்டாக்குவதில்லை. 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் கொடுக்க, 180 வோல்ட் லைனிலிருந்து ஏறக்குறைய 18 ஆம்பியரை இழுக்கும். கூரை ஓரத்தில் தளர்ந்த முறுக்கு ஒன்று இருந்தால் ஸ்டெபிலைசர் அதை இன்னும் வேகமாகக் கருக்கும். சார்ஜர் நின்றுபோவது நமக்குத் தொல்லையாகத் தெரிந்தாலும் அது ஓர் எச்சரிக்கை. அதன் வாயை அடைக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தரமான 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல எர்த். இவை சார்ஜருக்கு அடிப்படை.

2. செலவுக்கு வழியில்லாத மாதங்களில் நேரத்தை மாற்றுங்கள். இரவு 7-லிருந்து 10 வரை ஊரே சுமை போடும் நேரம். 11 மணிக்கு மேல் சார்ஜ் போட்டால் வோல்ட்டேஜ் எழுந்திருக்கும். ஹீட்டர் ராடும் சார்ஜரும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

3. கார் வைத்திருப்போர், சார்ஜ் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 15-லிருந்து 10-க்கோ 6-க்கோ குறையுங்கள். நேரம் கூடும், இழப்பும் சூடும் குறையும். கருகிய இணைப்புக்கு மட்டும் இது மருந்தாகாது.

4. சார்ஜர் வைத்தபின் வீட்டின் மொத்தச் சுமை, இணைப்பு வாங்கும்போது அனுமதித்த கிலோவாட்டைத் தாண்டுகிறதா என்று பில்லில் பாருங்கள். தாண்டினால் கூட்டித் தரும்படி விண்ணப்பியுங்கள். எந்தத் தெருவில் எவ்வளவு சுமை என்று கணக்கில் ஏறினால்தான் டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கக் கேட்க முடியும்.

5. குறை வெளியே என்று தெரிந்தால் 1912 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி நோட்டில் எழுதுங்கள். பிறகு எழுத்து மூலமாகவும் கொடுங்கள். நமக்குப் பேச்சு தமிழானாலும் மனு கன்னடத்தில் இருந்தால் வேலை விரைவாகும். வீட்டில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது ஒரு பயிற்சி. 'வோல்ட்டேஜ் கம்மி இதெ' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நாள், எந்த மணி, சுமை இல்லாமல் எவ்வளவு, சுமையோடு எவ்வளவு, பக்கத்து வீட்டில் எவ்வளவு என்ற பட்டியலை இணையுங்கள். எண்களுக்கு மொழி தேவையில்லை. அதற்கும் பலனில்லையென்றால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன்பின் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகும் வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

கேள்வி 1: சார்ஜர் ஓடாதபோது மீட்டர் போர்டிலும் சார்ஜர் பாயிண்டிலும் 222 வோல்ட். ஓடும்போது மீட்டர் போர்டில் 188, பாயிண்டில் 185. குறை எங்கே?

கேள்வி 2: ஓர் இணைப்பின் தடை 1 ஓம். அதில் 15 ஆம்பியர் ஓடுகிறது. எத்தனை வோல்ட் இழப்பு? எத்தனை வாட் சூடு?

கேள்வி 3: 720 வாட் சார்ஜர் 240 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் எடுக்கும்? 180 வோல்ட்டில்?

விடைகள்: (1) 34 வோல்ட் மீட்டர் போர்டுக்கு முன்பே போய்விட்டது, 3 வோல்ட் மட்டுமே உள்ளே. பெருங்குறை மீட்டர் அருகிலோ, சர்வீஸ் ஒயரிலோ, கம்பத்திலோ இருக்கிறது. (2) 15 வோல்ட், 225 வாட். (3) 3 ஆம்பியர், 4 ஆம்பியர்.

2001-இல், சுரங்கம் மூடிய அதே ஆண்டில்தான், பெங்களூரில் செய்த 'ரேவா' மின்கார் விற்பனைக்கு வந்தது. அன்று வேடிக்கைப் பொருளாகத் தெரிந்த மின்வண்டி இன்று நம் வாசலுக்கே வந்துவிட்டது. வீட்டு ஒயர்களோ பல இடங்களில் நம் பாட்டன் காலத்தவை. மாதம் ஒரு முறையாவது சுமையோடு வோல்ட்டேஜ் பாருங்கள், பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தச் சோதனையைச் செய்து கொடுங்கள்.